பித்தளை டார்ச்சும் கடுகளவு பசையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு கணக்கெடுப்பு நடக்கும். மெழுகுவர்த்தி எத்தனை, தீப்பெட்டி எத்தனை, கேன் தண்ணீர் இருக்கிறதா, பதினைந்து நாளுக்கு மாத்திரை இருக்கிறதா, டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டாயிற்றா. முடிச்சூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். வரதராஜபுரமும் முடிச்சூரும் தன்னுடைய இடம்தான் என்று அடையாறு அன்றைக்கு வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போனது. அன்றிலிருந்துதான் இந்தக் கணக்கெடுப்பு.

இந்த வருடம் கணக்கெடுக்கும்போது பரண் மேலிருந்து ஒரு பொட்டலம் கீழே வந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த மூன்று கட்டை பித்தளை டார்ச்.

"அதை எதுக்குங்க இறக்குனீங்க?" என்றாள் என் மனைவி. சொல்லும்போதே வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல் அப்படிச் செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

அந்த டார்ச் 1986இல் வாங்கியது. புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்து, கையில் இருந்ததையும் கடன் வாங்கியதையும் போட்டு இங்கே ஒரு மனை வாங்கிக் கட்டிக் குடியேறிய வருடம். தெருவிளக்கு கிடையாது. ஆபீஸில் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் கடைசி மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கி, சைக்கிளில் ஏரிக்கரை ஓரமாக வரவேண்டும். டார்ச் இல்லாமல் கால் வைத்தால் எதை மிதிக்கிறோம் என்று சொல்ல முடியாது. இரண்டு முறை நல்ல பாம்பு குறுக்கே போயிருக்கிறது. அந்த டார்ச்சைக் கையில் பிடித்தால் ஒரு தைரியம். கனமும் அப்படி.

ரிட்டயர் ஆனபின் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பழைய டார்ச்சில் இருக்கும் குமிழ் பல்பை எடுத்துவிட்டு எல்இடி பொருத்துவது. சும்மா இருக்கும் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. 20 மில்லிமீட்டர் அகலத்தில் நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டு, அதன் நடுவில் மூன்று வாட் என்று எழுதி விற்ற எல்இடி. நான் அதற்குச் செலுத்தியது இரண்டு வாட்டுக்குச் சற்று அதிகம். அந்தத் தட்டை ஒட்டுவதற்கு ஓர் உலோகத் துண்டு வேண்டும் என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் கிடந்த பழைய அலுமினிய இட்லித் தட்டிலிருந்து ஒரு குழியை வட்டமாக வெட்டி எடுத்தேன். ஹார்டுவேர் கடையில் விற்கும் இரண்டு டியூப் எபாக்ஸியைக் கலந்து, குழி நிறைய ஊற்றி, எல்இடியை அதன்மேல் உட்காரவைத்தேன். மறுநாள் பிடுங்கிப் பார்த்தேன், அசையவில்லை. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது 2015 டிசம்பர் 1 இரவுக்கு வருகிறேன்.

மின்சாரம் மாலையே போய்விட்டது. ஒன்பது மணி வாக்கில் தண்ணீர் வாசற்படி ஏறியது. மாடியில் ஒரே ஓர் அறை. அரிசி, அடுப்பு, பத்திரங்கள் இருந்த பெட்டி, சாமி படங்கள் என்று ஒவ்வொன்றாக மேலே ஏற்றினோம். டார்ச் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணையாமல் எரிந்தது. நடுவில் நான் பெருமை வேறு பேசினேன். "தொட்டுப் பாரேன், கொஞ்சம்கூடச் சுடல. எல்இடின்னா குளிர்ச்சியான வெளிச்சம்" என்றேன். பித்தளை உண்மையிலேயே சில்லென்று இருந்தது.

ஃபிரிட்ஜ் மேல் இருந்த மாத்திரை டப்பாவை மறந்துவிட்டோம். அவள் இறங்கினாள். நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்று வெளிச்சம் காட்டினேன். வெளிச்சத்தில் ஒரு நீலம் ஏறியது. பேட்டரி இறங்குகிறது போல என்று நினைத்தேன். அப்புறம் இரண்டு முறை மினுக்கியது. அப்புறம் ஒன்றுமில்லை. தண்ணீரில் எதுவோ விழுந்த சத்தம் கேட்டது. அது அவள்தான்.

இடுப்பளவு தண்ணீர் இருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கையை ஊன்றியதில் மணிக்கட்டு. மூன்றாம் நாள் படகு வந்து, அதன்பின் வண்டி பிடித்து, மாவுக்கட்டு போடும்போது எலும்பு கோணலாகச் சேர ஆரம்பித்திருந்தது. இன்றைக்கும் தோசை திருப்புவது இடது கையால்தான். ஒரு நாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அதுதான் கஷ்டம்.

தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, எல்லாம் முடிந்தபின் டார்ச்சைப் பிரித்தேன். எல்இடி தட்டு பசையிலிருந்து விலகி, ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பசை மட்டும் இட்லிக் குழியில் கண்ணாடிக் கோலிக்குண்டு மாதிரி பத்திரமாக இருந்தது. அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டவன்தான். அதற்குப்பின் வாங்கியதெல்லாம் பிளாஸ்டிக் டார்ச். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பிளாஸ்டிக்கை வைத்துத்தான் சமாளித்தோம். அதன் சுவிட்சை அமுக்கும்போதெல்லாம் இது எந்த நிமிஷம் போகுமோ என்றிருந்தது.

இந்த முறை, அன்றைக்கு என்னதான் நடந்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து வருடம் கழித்தா என்று கேட்காதீர்கள். ஆடிட் ஆட்சேபணைக்குப் பதில் எழுத அதைவிட அதிக வருடம் எடுத்துக்கொண்ட ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில். வெப்பம் என்ற சொல்லுக்கு முன்னால் "ஷலேர்" என்ற சொல்தான் எனக்குப் பாடமாக வந்தது. இயற்பியல் வாத்தியார் செம்பு, இரும்பு, கண்ணாடி, மரம் என்று நான்கு குச்சிகளில் மெழுகு பூசி, ஒரு நுனியை வெந்நீரில் வைத்துக் காட்டுவார். செம்பில் மெழுகு வழிந்துவிடும், மரத்தில் அப்படியே நிற்கும். பிறகு கரும்பலகையில் ஃபூரியே என்று பெயர் எழுதுவார். ஆங்கில வழியில் படித்தவர்கள் ஃபூரியர் என்பார்கள். 1822இல் வெப்பத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பெரிய புத்தகம். எனக்கு அவரைப் பிடித்த காரணம் வேறு. அந்த மனிதர் அரசு ஊழியர். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்த் திரும்பி, 1802 முதல் 1815 வரை கிரனோபிளில் நம் ஊர் கலெக்டர் மாதிரி ஒரு பதவியில் இருந்தவர். ரோடு போடுவதையும் பூர்குவான் சதுப்பு நிலத்தில் தண்ணீர் வடிப்பதையும் கவனித்துக்கொண்டே வெப்பக் கணக்கும் போட்டிருக்கிறார். முடிச்சூருக்கு அப்படி ஒருவர் கிடைத்திருக்கலாம்.

அவருடைய விதி ரொம்ப எளிது. ஒரு பொருளின் வழியே வெப்பம் போக வேண்டுமென்றால், பொருள் எவ்வளவு தடிமனோ அவ்வளவு சிரமம். பரப்பு அதிகமானால் சுலபம். மிச்சம் அந்தப் பொருளின் குணம். காற்றை எடுத்துக்கொண்டால் அந்தக் குணத்தின் அளவு 0.026. சாதாரண எபாக்ஸிக்கு 0.2 சுமார். அலுமினியத்துக்கு 200க்குப் பக்கம். அதாவது எபாக்ஸியைவிட அலுமினியம் ஆயிரம் மடங்கு.

பழைய குமிழ் பல்பில் இந்தக் கவலையே இல்லை. இழை தகதகவென்று எரியும், அதன் வெப்பத்தில் பெரும்பகுதி வெளிச்சத்தோடு கதிராக முன்பக்கமே போய்விடும். எல்இடி அப்படியல்ல. வெளிச்சம் முன்னால் போகும், வெப்பம் பின்பக்கமாக, தட்டு வழியாகத்தான் வெளியேற வேண்டும். கொடுக்கிற மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு சூடாகத்தான் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். என் டார்ச்சில் அது ஒன்றரை வாட்.

ஒன்றரை வாட் எல்லாம் ஒரு வெப்பமா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இட்லிக் குழியில் பசையின் தடிமன் சராசரி இரண்டு மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் அந்தப் பசையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் 48 டிகிரி வித்தியாசம் வருகிறது! டார்ச் உடம்பு முப்பது டிகிரியில் சுகமாக இருக்க, எல்இடியின் முதுகு எண்பதில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. வீட்டுச் சூட்டில் இறுகுகிற சாதாரண எபாக்ஸி ஐம்பது அறுபது டிகிரியிலேயே தளர ஆரம்பிக்கும். தளர்ந்தது, தட்டு விலகியது, நடுவில் காற்று புகுந்தது. அதோடு வெப்பத்துக்கு வழியே அடைபட்டது. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. மேலே பூசியிருக்கும் மஞ்சள் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுவதால்தான் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சூடு தாங்காமல் பூச்சு சோர்ந்தால் நீலம் எட்டிப் பார்க்கும். மாடிப்படியில் நான் பார்த்த நீலம் அது. பேட்டரி இறங்கவே இல்லை.

சில்லென்று இருந்த பித்தளையும் இப்போதுதான் புரிந்தது. சூடு அங்கே சரியாக வந்து சேரவில்லை. அதைத்தான் நான் அவளிடம் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

சரி, நல்ல பசை வாங்கிவிடுவோம் என்று ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து பறக்கும் ரயில் மாறி சிந்தாதிரிப்பேட்டை, பிறகு நடை. எழுபது வயதுக்கு மேல் அந்தத் தெருவில் நடப்பது ஒரு தனி வித்தை. ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்.

கடைப் பையன், "சார், சிபியுக்கா, எல்இடிக்கா?" என்றான். எல்இடிக்கு, ஒட்ட வேண்டும் என்றேன். "ஒட்டணுமா, சூடு போகணுமா?" என்றான் அடுத்ததாக. முதலில் குறும்பாகப் பேசுகிறான் என்று நினைத்தேன். அப்புறம்தான் கேள்வியின் அழகு புரிந்தது. பிரெஞ்சில் பசைக்கு "கோல்" என்று பெயர். அதே சொல் பள்ளிக்கூட வழக்கில் பதில் சொல்ல முடியாத கேள்வியையும் குறிக்கும், பள்ளி விட்டபின்னும் உட்காரவைக்கிற தண்டனையையும் குறிக்கும். எனக்கு மூன்றும் ஒரே கடையில் கிடைத்தது.

அவன் மூன்று வகை எடுத்து வைத்தான். ஒன்று, வெப்பம் கடத்தும் சிலிக்கான் பசை. சின்ன வெள்ளை டியூப், ரப்பர் மாதிரி இறுகும். வேண்டுமானால் பிறகு நெம்பி எடுத்துவிடலாம், ஆனால் பிடிப்பு சுமார். இரண்டாவது, உலோகத்தூளோ அலுமினா தூளோ கலந்த எபாக்ஸி, ஏ, பி என்று இரண்டு குழாய். விலை அதிகம். கலந்த ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், நம் ஊர் வெயிலில் அதற்கு முன்பேகூட. ஒட்டினால் ஒட்டியதுதான், எல்இடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது, ஒட்டவே ஒட்டாத வெள்ளை பேஸ்ட். ரேடியோ, டிவி ரிப்பேர் தெரிந்தவர்களுக்கு இது பழைய நண்பன். பெரிய டிரான்சிஸ்டருக்கு அடியில் மைகா தகடு வைத்து இதைத் தடவுவார்கள். நம் சென்னையின் அனாபாண்ட் கம்பெனி தயாரிப்பது ரிச்சி தெருவில் எல்லாக் கடையிலும் இருக்கும். நொடியில் ஒட்டும் பசை போதாதா என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். அதன் ஆவி ரிஃப்ளெக்டரிலும் எல்இடியின் முகப்பிலும் வெள்ளையாகப் படியும், உள்ளே போட்டு மூடும் வேலைக்கு ஆகாது என்று அந்தப் பையனே சொல்லிவிட்டான்.

நான் அங்கேயே ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பழக்க தோஷம். விலை உயர்ந்த வெப்ப எபாக்ஸியின் அளவு 1 என்று வைத்து, பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் தடவினால் வித்தியாசம் அரை டிகிரி. என் பழைய எபாக்ஸியையே அதே தடிமனில் தடவியிருந்தால் 2.4 டிகிரி. ஆக, பசையை மாற்றினால் இரண்டு டிகிரி மிச்சம். தடிமனை மாற்றினால் நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் மிச்சம். நான் தேடிவந்த குற்றவாளி டியூபில் இல்லை, இட்லித் தட்டில் இருந்தது. ஒரே வாட்டில் பத்து, இருபது என்று செலுத்துகிற பெரிய டார்ச் என்றால் இந்தக் கணக்கு மாறும், அங்கே நல்ல வெப்பப் பசைக்குக் கொடுக்கிற காசு வீணில்லை. என்னுடையது சின்ன விவகாரம்.

உண்மையில் பசையே வேண்டாம். தட்டையான உலோகத்தில் பேஸ்ட் தடவி, இரண்டு திருகு போட்டு இறுக்குவதுதான் உத்தமம். ஆனால் என் டார்ச்சில் ரிஃப்ளெக்டரின் அடிப்பாகம் திருகின் தலைமேல் இடிக்கிறது. ஆகவே பையன் கேட்ட கேள்விக்கே திரும்பினேன். ஒட்டணுமா, சூடு போகணுமா? இரண்டும்தான். ஆனால் இரண்டையும் ஒரே ஆளிடம் ஏன் கொடுக்க வேண்டும்? எங்கள் ஆபீஸில் பில்லைச் சரிபார்க்கிறவரிடம் பணப்பெட்டிச் சாவி இருக்கக் கூடாது என்பது விதி. அதே மாதிரி, தட்டின் நடுவில் வெள்ளை பேஸ்ட், அது சூட்டைக் கடத்தட்டும். ஓரத்தில் எதிரெதிராக இரண்டு வெட்டுகளில் மட்டும் இரண்டு சொட்டு எபாக்ஸி, அது பிடித்துக்கொள்ளட்டும். பேஸ்ட் சில வருடத்தில் காய்ந்தால் இரண்டு சொட்டையும் பிளேடால் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை, டார்ச் பைத்தியங்கள் பலர் செய்வதுதான். பேஸ்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பசை வாங்கப் போனவன் ஒட்டாத ஒன்றை வாங்கி வந்த கதை.

இட்லித் தட்டுக்கு இந்த முறை வேலையில்லை. குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில், டார்ச் குழாயின் வாயில் இறுக்கமாக உட்காரும்படி 12 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் அலுமினிய உருளை கடைந்து வாங்கினேன். ஒயர் போக இரண்டு துளை. பட்டறைக்காரர், "டார்ச்சுக்கா சார் இது? மோட்டாருக்குன்னு நினைச்சேன்" என்று சிரித்தார். லேத்தில் வந்ததுகூடத் தட்டையாக இல்லை. ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை மேலே வைத்து ஜன்னல் பக்கம் காட்டினால் நடுவில் நூல் மாதிரி வெளிச்சம் தெரிந்தது. கண்ணாடித் துண்டின்மேல் 400ஆம் நம்பர் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தொட்டு, எட்டு வடிவத்தில் அரை மணி நேரம் தேய்த்தேன். எல்இடி தட்டின் முதுகையும் அப்படியே. பிறகு ஊசி போடும்போது தடவும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும்.

பேஸ்ட் எவ்வளவு? அதிகம் வைத்தால் நல்லது என்று கை சொல்லும், கேட்கக் கூடாது. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளங்களில் காற்றை விரட்டுவது மட்டுமே அதன் வேலை. கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பொட்டு. தட்டை வைத்து, அமுக்கி, இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகினேன். அதிகப்படி ஓரத்தில் பிதுங்கியதைத் துடைத்தேன். தட்டு உருளையில் வழுக்கிக்கொண்டு போய், சட்டென்று கவ்விக்கொண்ட மாதிரி நின்றது. அது கைக்குத் தெரிகிற ஒரு சுகம், எழுத வரவில்லை. இரண்டு வெட்டுகளிலும் ஊசி முனையால் எபாக்ஸி சொட்டு வைத்து, துணிக் கிளிப் போட்டு, மறுநாள் காலை வரை தொடாமல் விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோதனை. புது கட்டை மூன்று போட்டு, கூடத்து விளக்கை அணைத்து, டார்ச்சை மேஜைமேல் நிற்கவைத்தேன். வெளிச்சம் கூரையில் பட்டு அறை முழுக்க இறங்கியது. பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம். நீலம் ஏறவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவள் காபி டம்ளரோடு வந்தாள். சிறிது நேரம் தூரத்திலேயே நின்றாள். பிறகு டம்ளரை வைத்துவிட்டு டார்ச்சைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள், வலது கையால்.

"ஏங்க, சுடுதே. மறுபடியும் கெட்டுப்போச்சா?"

"ரொம்பச் சுடுதா?"

"ரொம்ப இல்ல. இப்ப வச்ச காபி டம்ளர் மாதிரி."

"அப்படித்தான் இருக்கணும்" என்றேன்.

நம்பாமல் என்னைப் பார்த்தாள். ஆனால் கீழே வைக்கவில்லை. அந்தச் சூடு மணிக்கட்டுக்கு இதமாக இருக்கிறதாம். ஒத்தடத்துக்கு ஆகுமா என்று கேட்டுக்கொண்டே அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்கு இருட்டில் காபி டம்ளரைத் தேட வேண்டியிருந்தது.